துயர் கேட்டலும் வினை கூறலும்

பிறர் துயர் கண்டவிடத்து நெஞ்சு நெகிழ்தல் உயிர்க்கு இயல்பாய் அமைந்த குணம். நெகிழ்ந்த நெஞ்சு அடுத்துச் செய்வது யாது என்பதே அறத்தின்கண் எழும் வினா. பெரும்பாலும் அது வாய் திறந்து ஒன்றைச் சொல்லிவிடுகின்றது. மகனை இழந்தாள் ஒருத்தியைக் கண்டால், 'எல்லாம் வினைப்பயன். வருந்தி என்ன பயன்?' என்கின்றோம். சொல்லினார்க்கு ஒரு கடமை கழிந்தது. கேட்டவட்கோ துயரோடு ஒரு குற்றச்சாட்டும் வந்து சேர்ந்தது. இச்சொல் சைவநூற் கொள்கையோடு பொருந்தியதாகத் தோன்றுதலின், இதனை ஆராயாமலே வழங்கி வருகின்றோம். இங்ஙனம் வழங்குதல் தகுமா என்பதனை, உளவளத்துணை என்னும் தொழிலைக் கற்கப் புகுவார் இக்காலத்து மேற்கொள்ளும் நெறியோடு வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உள்ளத் துயரால் வருந்துவாரோடு உடனிருந்து, அவர் கூறுவதைக் கேட்டு, அவர் தம் நிலையைத் தாமே தெளிந்து அடியெடுத்து வைக்க உதவுதலை ஈழத்தமிழர் உளவளத்துணை என வழங்குவர். தமிழகத்தார் மனநல ஆலோசனை என்பர். இவ்விரண்டனுள் துணை என்னும் பெயரே பொருள் நிரம்பியதாக நமக்குத் தோன்றுகின்றது. ஆலோசனை கூறுவார்க்கு அறிவு போதும். துணையாவார்க்கு அறிவோடு உடனிருக்கும் பொறுமையும் வேண்டும்.

இத்தொழிலுக்கு இக்கால வடிவம் தந்தாருள் ஒருவர் அமெரிக்க நாட்டுக் கார்ல் ராஜர்ஸ் (1902–1987). இளமையிற் கிறித்துவ சமயக் கல்லூரியிற் பயின்று, பின் அதனின் நீங்கி உளநூல் புகுந்தவர் இவர். 1957-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், துணைநிற்பார்பால் அமைய வேண்டுவனவாக இவர் வற்புறுத்தியவை மூன்று. அகமும் புறமும் ஒத்த மெய்ம்மை ஒன்று. வந்தாரை இன்னவாறு இருந்தாலன்றி ஏலேன் என்னும் வரையறை இன்றி மதித்தல் மற்றொன்று. அவர் உலகத்தை அவர் கண்கொண்டே காண முயலுதல் பிறிதொன்று. இம்மூன்றாவதற்கு ஒரு காப்பும் கூறினார். பிறர் துயரைத் தமது துயர் போலவே உணர்தல் வேண்டும். ஆயினும் 'போல' என்னும் அவ்வளவை இழந்துவிடலாகாது என்பது அது.

இக்காப்பின் அருமை சித்தாந்தம் பயின்றார்க்கு எளிதின் விளங்கும். சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பு என்பது நம் நூற்றுணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு போல, துயர் கேட்பான் உள்ளமும் கேட்ட துயரின் நிறத்தை ஏற்றுவிடும். நாள்தோறும் நால்வர் ஐவர் துயரைக் கேட்கும் இளைஞன் ஒருவன் சில திங்களில் உறக்கம் இழப்பான். அன்றேல், தன்னைக் காத்தற்பொருட்டு நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்வான். இரண்டாலும் வந்தார்க்குப் பயன் இல்லை. இது நிகழாமைப் பொருட்டே, பயில்வோர் தாம் கேட்டவற்றைப் பெயர் முதலிய அடையாளங்களை மறைத்து மூத்தார் ஒருவரிடம் காலந்தோறும் எடுத்துரைத்து, தம் உள்ளத்தின் போக்கையும் ஆராய்ந்துகொள்ளும் மேற்பார்வை முறை ஏற்பட்டது. பிறர் மனத்தைத் தொடுவான் தன் மனத்தை ஒருவர் முன் திறந்து வைத்தல் வேண்டும் என்னும் இவ்விதி மிக நன்று.

இனி, மனிதர் யாவரும் ஒரே மொழியில் துயருறுவதில்லை. மகவை இழந்த தமிழ்த்தாய் 'வயிறு எரிகின்றது' என்பாள். நம் வழக்கறியாதான் ஒருவன் அதனைக் கேட்பின் வயிற்றுக்கு மருந்து தேடுவான். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து ஆர்தர் கிளைன்மன் உளமருத்துவரும் மானிடவியலாரும் ஆவர். அவர் தைவானிலும் சீனத்திலும் ஆராய்ந்தபொழுது, ஆங்குள்ளார் பலர் உள்ளச் சோர்வைத் தலைவலி, தளர்ச்சி, உறக்கமின்மை என உடல்மேல் வைத்தே உரைக்கக் கண்டார். ஒரு நாட்டில் வகுத்த நோய்ப்பெயரை ஆராயாது மற்றொரு நாட்டார்மேல் ஏற்றுதல் பிழையென எழுதினார். மருத்துவன் நோயாளியை வினவ வேண்டுவன சிலவற்றையும் தொகுத்துத் தந்தார். இத்துன்பத்திற்கு நீங்கள் இடும் பெயர் யாது? இது எதனால் வந்தது என்று எண்ணுகின்றீர்கள்? இதன்கண் நீங்கள் மிக அஞ்சுவது எதனை? என்பன போல்வன அவை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தார் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், இத்தகைய வினாக்கள் 16 கொண்ட ஒரு நேர்காணல் முறையும் இடம்பெற்றுள்ளது.

ஆயின் பிறர் வழக்கங்களைக் கற்றுத் தேர்ந்துவிட்டோம் என்னும் எண்ணமும் ஒரு செருக்கே. சைவர் இன்னவாறு நம்புவர், இசுலாமியர் இன்னவாறு அழுவர் எனப் பட்டியல் ஒன்றை மனனம் செய்தவன், எதிரே இருக்கும் ஒருவரை விட்டுப் பட்டியலையே பார்த்திருப்பான். இதனை உணர்ந்தே மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1998-ஆம் ஆண்டில், பிறர் பண்பாட்டின் முன் வேண்டுவது தேர்ச்சி என்பதினும் பணிவு என்பதே பொருந்தும் என்று எழுதினர். அப்பணிவு வாழ்நாள் முழுதும் தன்னைத் தான் ஆராய்வது. கற்று முடிக்கப்படுவதொன்று அன்று.

இப்பணிவு செயலில் எத்தகையதாம் என்பதற்கு ஆப்பிரிக்க நாடாகிய சிம்பாப்வே ஓர் எடுத்துக்காட்டு. உளமருத்துவர் மிகச் சிலரே உள்ள அந்நாட்டின் தலைநகர் ஹராரேயில், டிக்சன் சிபண்டா என்னும் உளமருத்துவர் 2006-ஆம் ஆண்டு பாட்டிமார் 14 பேரைக்கொண்டு ஒரு பணி தொடங்கினார். மருத்துவ நிலையத்தின் புறத்தே ஒரு மரப்பலகை இடப்பட்டது. அதன்மேல் பாட்டி ஒருத்தியும் துயருற்றார் ஒருவரும் அமர்ந்து பேசுவர். ஆங்கில நோய்ப்பெயரைச் சொன்னால் அம்மக்களுக்கு விளங்குவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுகடந்து எண்ணியெண்ணி மாய்தல் என்பது அதன் பொருள். பாட்டிமார் அச்சொல்லையே எடுத்தாண்டனர். பேசும் முறையின் முதற்படிக்கு 'மனத்தைத் திறத்தல்' என்பது பெயர். அதன் பின்னரே ஒரு சிக்கலைத் தெரிந்து அதற்கு வழிதேடல் நிகழும். 573 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2016-ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்முறையால் உதவி பெற்றார், வழக்கமான உதவி மட்டும் பெற்றாரினும் ஆறு திங்களின் பின் உளச்சோர்வு மிகக் குறைந்திருந்தனர் என அதனால் தெரிந்தது. பெரும்படிப்பில்லாத மூதாட்டியர் இதனைச் செய்தற்கு ஏதுவாயது யாது? தம் சொல்லைப் பிறர்மேல் ஏற்றாது, பிறர் சொல்லைத் தாம் ஏற்றமையே என்க.

இனி நம்மவரிடையே உள்ள நிலையை நோக்குவாம். ஈழத்துப் போர் 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. அதன்கண் காணாமற்போனாரைப் பெற்ற தாய்மாரும், மணந்த மகளிரும் வடக்கிலும் கிழக்கிலும் பலர். அவருள் ஒரு தாயை எண்ணிப் பார்க்க. மகன் இறந்தான் என்று அறிவிப்பார் இல்லை. உளன் என்று காட்டுவாரும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவர் இறந்தார்க்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்வர். இவள் எந்நாளை முதலாகக் கொண்டு எண்ணுவாள்? திதி யாதென்று குறிப்பாள்? கிரியை செய்தால் தன் கையாலேயே மகனை இறந்தானாக்கியதாகும். செய்யாதொழிந்தால், அவன் இறந்திருப்பின் அவனுக்குரிய கடனை மறுத்ததாகும். இத்தகைய இழப்பினை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, 1999-ஆம் ஆண்டு நூலொன்று எழுதினார். இங்ஙனம் இழந்தாரை 'முடிந்தது என்று ஏற்றுக்கொள்க' என வற்புறுத்துதல் கொடிது என்பதும், இருக்கலாம், இல்லாதிருக்கலாம் என்னும் இரண்டினையும் ஒருங்கே தாங்கி வாழக் கற்றற்குத் துணைநிற்றலே தகும் என்பதும் அவர் கொள்கை.

அத்தாய் ஒரு நாள் பயிற்சியிலுள்ள இளைஞன் ஒருவன் முன் அமர்ந்து, 'எல்லாம் என் வினை, தம்பி' என்கின்றாள் என்று கொள்வோம். அவன் தவறுதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மேனாட்டு நூல்களையே கற்றானாயின், இது தன்னைத் தான் பழித்துக்கொள்ளும் பிழைபட்ட எண்ணம் என்று துணிந்து, 'அம்மா, அப்படி ஒன்றும் இல்லை. அது மூடநம்பிக்கை' என்பான். தலைமுறை தலைமுறையாக அவள் குடும்பம் சாய்ந்திருந்த தூணை ஒரு சொல்லால் தள்ளிவிடுவான். சமயப்பற்று உடையனாயின், 'ஆம் அம்மா, வினையை யாரால் வெல்ல முடியும்?' என்று தொடங்கிச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என விரித்துரைப்பான். அவள் ஐயத்தோடு சொன்ன ஒன்றைத் தீர்ப்பாக்கிவிடுவான். முன்னவன் அவளது சமயத்தை மதித்திலன். பின்னவன் சமயத்தை மதித்து அவளை மதித்திலன். இருவரும் செய்த பிழை ஒன்றே. அவள் சொல்லின் பொருளை அவளிடம் கேட்டிலர்.

நன்கு பயின்றவன் செய்வது எளியது. சிறிது நேரம் வாளாவிருந்து, 'அம்மா, வினை என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் மனத்தில் என்ன வருகின்றது?' என்று கேட்பான். அவ்வொரு சொல்லுள் எத்துணைப் பொருள் அடங்கியிருத்தல் கூடும்! 'இது என் அறிவுக்கு எட்டாதது. இறைவன் அறிவான்' என்னும் ஆறுதலாக இருக்கலாம். 'அன்று அவனை வெளியே போகவிட்டது நான்தானே' என்னும் குற்றவுணர்வாக இருக்கலாம். உற்றார் அவள் முகத்தெதிரே சொல்லிய கொடுஞ்சொல்லை அவள் திருப்பிச் சொல்லுதலாக இருக்கலாம். 'இனிப் பேசவேண்டா, தம்பி' என்று கதவை அடைத்தலாகவும் இருக்கலாம். முதலாவதாயின் அதனை அவளுக்கு உறுதியாக விட்டுவிடுதல் வேண்டும். இரண்டாவதாயின் அந்நாளின் வரலாற்றை மெல்லக் கேட்டல் வேண்டும். மூன்றாவதாயின் அவள் தனிமையை அறிதல் வேண்டும். நான்காவதாயின் அன்று பேசாதிருந்து, மற்றொரு நாள் வருதல் வேண்டும். நான்கினையும் கேளாது பிரித்தறிய வல்லார் யாவர்?

அற்றேல், வினைக்கொள்கையைக் கைவிடுதல் வேண்டும் போலும் எனின், அற்றன்று. அக்கொள்கையை உள்ளவாறு உணர்ந்தார்க்கு இக்கேட்டலே அதனோடு பொருந்தும். என்னையெனின், வினை சடம் ஆதலின் தானே வந்து பயன் தரமாட்டாது. உயிரோ சிற்றறிவுடைத்து ஆதலின் தன் வினையைத் தானே அறிந்து எடுத்து நுகரமாட்டாது. முற்றறிவுடைய இறைவனே உயிரின்மேல் வைத்த கருணையால், மருத்துவன் நோய்க்கேற்ப மருந்தூட்டுமாறு போல, பயனைக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தம். ஆகவே எத்துன்பம் எவ்வினையின் பயன் என்னும் கணக்கு இறைவன்பால் உள்ளது. 'இத்துன்பம் உன் வினையால் வந்தது' என்று அயலான் ஒருவன் கூறும்போது, தான் அறியாத கணக்கை அறிந்தான் போல் கூறுகின்றான். அது கொள்கையை உரைத்தல் ஆகாது. இறைவனது இருக்கையில் ஏறி அமர்தலேயாம்.

வினையை ஒருவன் தன்னை நோக்கிச் சொல்லுங்கால் அது தன்னாராய்ச்சியும் பொறுமையும் ஆகும். பிறரை நோக்கிச் சொல்லுங்கால் பழியாகவும், உதவாமைக்கு ஒரு போர்வையாகவும் மாறிவிடுகின்றது. பசித்தானைக் கண்டு 'அவன் வினை' என்று சோற்றுப் பானையை மூடுவானை நாம் சைவன் என்று சொல்லோம். துயருற்றாள் முன் அதே சொல்லைச் சொல்லிச் செவியை மூடுவானை மட்டும் அறிஞன் என்று எங்ஙனம் சொல்லுவது?

இதற்கு ஆளுடைய பிள்ளையார் வரலாறே சான்று. கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபொழுது, அது வினையென்றோ நிலத்தின் இயல்பென்றோ சொல்லி அவர் அமைந்திலர். திருநீலகண்டப் பதிகம் பாடினார். வினையென அறிந்தும் உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என வினவுவதே அப்பதிகத்தின் தொடக்கம். திருமருகலில் உடன்வந்தானைப் பாம்பு தீண்ட ஒரு பெண் அழுதாள். பிள்ளையார் அவ்வழுகையைக் கேட்டு அவள்பால் சென்று, அஞ்சேல் என்று கூறி, உற்றது யாது என்று வினவினார். அவள், வைப்பூர்த் தாமன் என்னும் தன் தந்தை பெண்மக்கள் எழுவரைப் பெற்றதும், மருகனுக்குத் தருவதாகச் சொல்லிச் சொல்லி அறுவரைப் பிறர்க்குக் கொடுத்ததும், தான் அவன்மேல் இரங்கி உடன்போந்ததும் ஆகிய யாவும் உரைத்தாள். தந்தையறியாது வந்தமை பற்றி அவர் ஒரு சொல்லும் இடித்துரைத்ததாகச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். முதலிற் கேட்டார், பின்னரே இறைவன்முன் நின்று பாடினார். விடந்தீர்த்தல் நம்மால் ஆவதன்று. உற்றது யாது என்று கேட்டல் நம் அனைவர்க்கும் ஆவது.

ஈண்டு ஒரு தடை எழும். நம் நாட்டார் மூத்தாரிடம் செல்வது வழிகேட்டற்கு. வாய் பேசாது கேட்டுக்கொண்டிருப்பானைக் கண்டால், இவன் நம்மைப் பொருட்படுத்திலன் என்று எண்ணுவர். ஆகலின் இது மேனாட்டார்க்கே பொருந்தும் என்பர். இத்தடையில் உண்மை உண்டு. இந்திய உளமருத்துவர் நேகி 1973-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், குரு–சீட உறவினையே உளச்சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாகுமா என்று ஆராய்ந்தார். ஆகவே வழிகாட்டல் குற்றமன்று. எந்த அலுவலகத்திற்குச் செல்வது, எம்மருத்துவரைக் காண்பது, பிள்ளைகளின் படிப்பிற்கு எங்ஙனம் உதவி பெறுவது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், துயருற்றார் அமைதி பெறுதற்கு அவரவர் சமயத்து மந்திரங்களையும் செபங்களையும் அவரவர்க்கே பயிற்சியாகக் கூறும் முறையைக் கையாண்டு எழுதியுள்ளார். ஆயின் குருவின் அதிகாரம் பாசம் நீங்கிய தெளிவினால் வருவது. இரண்டாண்டுப் பயிற்சியினால் அது வந்துவிடாது. குருவும், மாணாக்கனது பக்குவம் நோக்கியே சரியை முதலாகப் படிமுறையில் நிறுத்துவர். பக்குவம் அறிதற்கு முன் உபதேசியார். பயில்வோன் குருவினிடம் கற்க வேண்டுவது உபதேசம் செய்தலை அன்று, பக்குவம் நோக்குதலையே.

மற்றொரு தடையும் உண்டு. அத்தாய், 'என் வினைக்கு நான் உயிரோடிருக்கத் தகாதவள்' என்று சொல்லினால், அதனையும் அவள் நம்பிக்கை என்று மதித்து வாளாவிருப்பதோ எனின், இருத்தல் கூடாது. மதித்தல் வேறு, உடன்படுதல் வேறு. உயிர்க்கு இடர் நேருமிடத்து, 'அம்மா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகின்றதா?' என்று நேரே கேட்டல் வேண்டும். கேட்டால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்று அஞ்சுவார் உளர். கேட்டலால் அது தூண்டப்படுவதில்லை என்பதனை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவ்வெண்ணம் உண்டெனின் அவளைத் தனியே விடாது, மேற்பார்வையாளர்க்கும் மருத்துவர்க்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். அவ்வாறே, கணவன் அடித்தலை ஊர் வழக்கம் என்று சொல்லும் பெண்ணின்முன், பண்பாட்டை மதிக்கின்றேன் என்று அடியையும் மதிப்பவன் கோழை. ஒரு பண்பாட்டினுள் அடிப்பாரும் உளர், அடிபடுவாரும் உளர். எவர் குரலைப் பண்பாட்டின் குரல் என்று கொள்கின்றோம் என்பதைப் பயில்வோன் தன்னைத் தானே வினவுதல் கடன்.

இதுகாறும் கூறியவாற்றால், உளவளத்துணை கற்பார்க்கு உரிய கருணை இன்னது என்பது விளங்கும். அது துயருற்றாரின் சமயத்தையும் மொழியையும் அறிய முயலும், அறிந்ததை அவர்மேல் ஏற்றாது, அவரிடமே கேட்கும், கேட்டபின் ஆவன செய்யும். இதனைக் கற்க வேண்டுவார் அத்தொழில் செய்வார் மட்டும் அல்லர். சாவீட்டிற்குச் செல்லும் நாம் ஒவ்வொருவரும், திருக்கோயிற் பிராகாரத்தில் தனித்தமர்ந்து அழுவார் ஒருவரைக் காணும் அடியார் ஒவ்வொருவரும் இதனைக் கற்றல் வேண்டும். இனி அத்தகையாரைக் காணுங்கால், நாவின் நுனியில் வந்து நிற்கும் வினை என்னும் சொல்லைச் சற்றே நிறுத்துவோமாக. அருகமர்ந்து, 'என்ன நடந்தது, அம்மா?' என்று கேட்போமாக. அவர் சொல்லி முடியுமளவும் இருப்போமாக. வினையின் கணக்கை அதனை அறிந்தவன் பார்த்துக்கொள்வான்.